கவுந்தியடிகள் காட்டிய வழி
(முத்தாண்டிக்குப்பம் முதல் உலகம் வரை: சமணத் தலங்களும் பயண மரபும்)

தமிழில் எழுந்த காப்பியங்களுள் மிக நீண்ட நடைப்பயணம் ஒன்றைக் கூறுவது சிலப்பதிகாரம். புகாரிலிருந்து மதுரைக்குக் கோவலனும் கண்ணகியும் நடந்து சென்றபோது அவர்களுக்கு வழித்துணையாக வந்தவர் கவுந்தியடிகள் என்னும் சமணப் பெண் துறவி. மதுரையில் அறவுரை கேட்கவும் அறிவனை ஏத்தவும் அவர் முன்பே விரும்பியிருந்தார். அதனால் அவ்விருவருடன் உடன் புறப்பட்டார்.

புறப்படுவதற்குமுன் வழியின் தன்மையை அவர் எடுத்துரைக்கும் பகுதி கருதத்தக்கது. சோலை வழியே செல்லலாம் எனின், கிழங்கு அகழ்ந்த குழிகளைப் பூக்கள் மூடியிருக்கும், கால் இடறும். பலா மரத்தடியில் சிதறிக் கிடக்கும் கொட்டைகள் பரற்கற்களைப்போல மென்மையான பாதங்களை உறுத்தும். வயல் வழியே செல்லலாம் எனின், நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும்; அத்துன்பம் தாங்கற்கரியது. கண்ணகியின் பாதத்துக்கு வரும் நோவும் நத்தையின் உயிருக்கு வரும் நோவும் அத்துறவியின் உள்ளத்தில் ஒருங்கே நின்றன. பயணம் செய்வோர் காணவேண்டுவது எது, காக்கவேண்டுவது எது என்னும் இரண்டையும் ஒரே மூச்சில் உரைத்த முதல் வழிகாட்டி எனக் கவுந்தியடிகளைக் கூறலாம்.

பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் சூழ்ந்த பண்ருட்டி, நெய்வேலி வட்டாரத்தில் அமைந்த முத்தாண்டிக்குப்பத்து மக்களுக்கு அந்தப் பலாக்கொட்டை உவமையை விளக்க உரை தேவையில்லை. 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. அடுத்த ஆண்டு சுரங்கப் பணி தொடங்கியது. வேலை தேடிப் பல மாவட்டத்தாரும் பல மாநிலத்தாரும் இங்கு வந்து குடியேறினர். அக்குடும்பங்களின் பிள்ளைகள் இன்று சிங்கப்பூரிலும் துபாயிலும் அமெரிக்காவிலும் பணியாற்றுகின்றனர். விடுமுறை வந்ததும் எந்த நாட்டுக்குச் செல்வது, எந்தக் கோபுரத்தைக் காண்பது என்னும் பேச்சு வீடுதோறும் எழுகின்றது. அது நல்ல பேச்சே. ஆயினும் உலகைக் காணப் புறப்படுவோர் முதலில் எங்கே கால் வைக்க வேண்டும் என்பதற்கு வரலாறு ஒரு விடை வைத்திருக்கின்றது.

உலகை வகுத்துரைத்த ஊர்

நெய்வேலிக்குக் கிழக்கே கடலூரின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் திருப்பாதிரிப்புலியூர், பண்டைக் காலத்தில் பாடலிபுரம் எனப் பெயர்பெற்ற சமணப் பெரும்பள்ளி இருந்த இடம். இங்கே சர்வநந்தி என்னும் முனிவர் 'லோகவிபாகம்' என்னும் பிராகிருத நூலை எழுதி முடித்தார் என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. காஞ்சிப் பல்லவ மன்னன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டு, சக ஆண்டு 380, அதாவது கி.பி. 458 என அதன் காலம் நூலிலேயே குறிக்கப்பட்டுள்ளது. மூல நூல் மறைந்துவிட்டது. சிம்மசூரி என்பார் செய்த வடமொழி ஆக்கமே இன்று கிடைக்கின்றது.

லோகவிபாகம் என்பதற்கு உலகத்தின் பகுப்பு என்பது பொருள். சம்புத் தீவு, அதைச் சூழ்ந்த கடல்கள், அவற்றுக்கு அப்பாலுள்ள தீவுகள், மேலுலகம், கீழுலகம் எனச் சமணர் கண்ட உலக அமைப்பை அளவுகளோடு விவரிக்கும் நூல் அது. பேரெண்களை இடமதிப்பு முறையில், சுழியம் உட்பட, சொற்களால் குறித்திருப்பதால் கணித வரலாற்று அறிஞர் இந்நூலைத் தனியே மதிக்கின்றனர். காலம் உறுதியாகத் தெரிந்த நூல்களுள் சுழியத்தோடு கூடிய பதின்ம இடமதிப்பைக் கையாண்ட மிகப் பழமையானது இது என்பது அவர்கள் கருத்து. உலகப் படத்தில் ஊர்களைத் தேடும் இளைஞர், உலகம் முழுவதையும் ஏட்டில் வகுத்த ஓர் ஊர் தம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ளது என்பதை அறிதல் வேண்டும்.

அதே பள்ளியில்தான் தருமசேனர் என்னும் பெயரோடு மருள்நீக்கியார் தலைமை பெற்றிருந்தார் எனப் பெரியபுராணம் கூறுகின்றது. பண்ருட்டியை அடுத்த திருவாமூரில் பிறந்த அவர், பின்னர்த் தமக்கையார் திலகவதியாரின் திருவதிகைக்கு மீண்டு திருநாவுக்கரசரானார். பல்லவ மன்னனும் சமயம் மாறிப் பாடலிபுரத்துப் பள்ளியை இடித்துத் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் எனவும் அப்புராணம் உரைக்கின்றது. பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட இந்நிகழ்ச்சிகளில் பகைமை பாராட்டுவதற்கு இன்று ஒன்றுமில்லை. திருவாமூர், திருவதிகை, திருப்பாதிரிப்புலியூர் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் காணும் குடும்பம், தமிழகச் சமய வரலாற்றின் பெருந்திருப்பம் ஒன்று எவ்வளவு சிறிய நிலப்பரப்பில் நிகழ்ந்தது என்பதை நேரில் உணரும். திருப்பாதிரிப்புலியூரில் பழைய பள்ளிக் கட்டடம் எழுந்து நிற்கவில்லை. காணச் செல்வோர் வரலாற்றை உடன் எடுத்துச் செல்லவேண்டிய தலம் அது.

அப்பாண்டைநாதர் குன்றும் வீரசங்கமும்

அடுத்த பயணம் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துத் திருநறுங்கொண்டை. இங்குப் பெரும்பாறைகளுக்கு நடுவே, பாறையிலேயே வடிக்கப்பட்ட பார்சுவநாதர் அப்பாண்டைநாதர் என்னும் இனிய பெயரால் வழிபடப்படுகின்றார். சந்திரநாதர்க்கும் இங்குக் கோயில் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகள் இக்குன்றின் பழமைக்குச் சான்று.

இத்தலத்துக்குத் தமிழ்க் கல்வியோடு உள்ள உறவு மேலும் பெரிது. குணபத்திரர் என்னும் ஆசிரியரின் தலைமையில் வீரசங்கம் இங்கு விளங்கியது. அவர் மாணாக்கர் மண்டலபுருடர் இயற்றியதே சூடாமணி நிகண்டு. அச்சிட்ட அகராதிகள் பரவுவதற்கு முன், திண்ணைப் பள்ளிகளில் சமய வேறுபாடின்றி மாணவர் மனப்பாடம் செய்த சொற்களஞ்சியம் அது. சைவ மடங்களில் பயின்றோரும் கிறித்தவப் பாதிரிமாரும் தமிழ்ச் சொல்லறிவு பெற அதனை நாடினர். ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சு வளாகங்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பும் பெற்றோர், இக்குன்றின் நிழலிலும் ஒரு பொழுது அமர்ந்து, இங்கும் ஒரு கல்விக்கூடம் இருந்தது எனச் சொல்லலாம்.

செஞ்சிக்கு வருவோர் காணாத பாறை

2025 சூலைத் திங்களில் மராத்தியரின் படைத்துறை நிலக்காட்சிகள் என்னும் தொகுதியில் செஞ்சிக் கோட்டை உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு கோட்டைகளுள் தமிழகத்தைச் சேர்ந்தது அஃதொன்றே. இனிப் பல நாட்டுப் பயணிகளும் செஞ்சிக்கு வருவர். கோட்டையைக் கண்டு, படம் எடுத்துக்கொண்டு, திரும்புவர்.

செஞ்சிக்கு வடக்கே சிறிது தொலைவில் திருநாதர்குன்று உள்ளது. அங்குள்ள ஒரு பெரும்பாறையின் முகத்தில் இருபத்துநான்கு தீர்த்தங்கரரும் இரண்டு வரிசைகளாக அமர்ந்திருக்கின்றனர். கோபுரமும் மதிலும் இல்லை. பாறையும் வானமும் மட்டுமே. அருகில் ஒரு சிறு கல்வெட்டு. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர்நீத்த நிசீதிகை அது என்பது அதன் செய்தி. ஏறத்தாழ கி.பி. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அக்கல்வெட்டு, வட்டெழுத்தின் தொடக்க நிலையைக் காட்டுகின்றது. தமிழின் 'ஐ' என்னும் எழுத்து முதன்முதலாகக் காணப்படுவது இதில்தான் என்பர் எழுத்தாய்வாளர். இளையபடாரர் என்பார் முப்பது நாள் நோன்பிருந்து மறைந்ததைக் குறிக்கும் மற்றொரு கல்வெட்டும் இங்குண்டு.

கோட்டை வெற்றியையும் முற்றுகையையும் நினைவூட்டுகின்றது. குன்று, எவரையும் வெல்லக் கருதாது தம் உடற்பற்றை வென்றவர்களை நினைவூட்டுகின்றது. செஞ்சிக்குச் செல்லும் தமிழ்ச் சமணக் குடும்பம் ஒவ்வொன்றும் அரை நாளை இக்குன்றுக்கு ஒதுக்குதல் கடன். பிள்ளைகள் அந்த 'ஐ' எழுத்தைத் தம் கையால் தாளில் வரைந்து பார்க்கட்டும். அதை எழுதியவனுக்கும் தமக்கும் இடையே ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குமேல் உள்ளன என்பதை அப்போது அவர்களே எண்ணிக்கொள்வர்.

அங்கிருந்து மேல்சித்தாமூர் தொலைவில் இல்லை. தமிழ்ச் சமணரின் தலைமைப் பீடமாகிய ஜினகாஞ்சி மடம் இங்குள்ளது. பார்சுவநாதர் கோயிலின் உயர்ந்த கோபுரமும் மானத்தம்பமும் தேரும் விழாக் காலத்தில் காண்பதற்கு இனியவை. ஆனால் விழாவுக்கு வருவோருள் பலர் காணாது செல்வது, அதே ஊரில் பாறையில் புடைப்புச் சிற்பங்களைக் கொண்டு விளங்கும் பழமையான மல்லிநாதர் கோயில். பாகுபலி, ரிஷபர், பார்சுவர், மகாவீரர், அம்பிகை ஆகியோரின் உருவங்களை ஒரே பாறையில் இங்குக் காணலாம்.

திருக்கோவிலூர்ப் பக்கம் செல்வோர் ஜம்பையையும் நினைவில் கொள்க. அதியமான் நெடுமான் அஞ்சி அளித்த பள்ளி இது எனக் கூறும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு 1981-ல் அங்குள்ள குகைத்தளத்தில் கண்டறியப்பட்டது. அசோகனின் சாசனம் குறிக்கும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் ஐயத்துக்கு அது விடையளித்தது. ஔவையாருக்கு நெல்லிக்கனி ஈந்த வள்ளலாகவே பாடநூல்வழி அறியப்பட்டவன், நோன்பிகளுக்கு உறையுளும் ஈந்தான் என்பதைக் கல் சொல்கின்றது.

வடக்கிலும் தெற்கிலும்

இரண்டு மூன்று நாள் பயணம் செய்ய இயல்வோர் வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலையில் குந்தகுந்தாச்சாரியரின் திருவடிகளை வணங்கி, போளூரை அடுத்த திருமலைக்குச் செல்லலாம். ஏறத்தாழ பதினாறு அடி உயரமாகப் பாறையில் எழுந்து நிற்கும் நேமிநாதர் திருவுருவம் தமிழகச் சமணச் சிற்பங்களுள் மிக உயர்ந்தது. இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயரால் குந்தவை ஜினாலயம் இங்கு விளங்குகின்றது. கங்கை வரை சென்ற முதலாம் இராசேந்திரனின் வெற்றிகளை விரித்துரைக்கும் கல்வெட்டு இம்மலையில் உள்ளது; கடல் கடந்த சோழரின் வரலாற்றை எழுதுவோர் எவரும் இக்கல்வெட்டைக் கடந்து செல்ல முடியாது.

காஞ்சிபுரத்தின் ஒரு புறமாகிய திருப்பருத்திக்குன்றத்தில் திரைலோக்கியநாதர் கோயில் உள்ளது. விசயநகரப் படைத்தலைவன் இருகப்பன் 1387-ல் இங்குச் சங்கீத மண்டபம் எடுத்தான். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. பட்டுச்சேலை வாங்கக் காஞ்சிக்குச் செல்லும் குடும்பங்கள் பல. இவ்வோவியங்களை அண்ணாந்து நோக்கியவை எத்தனை என்று அவரவரே எண்ணிப் பார்க்கலாம்.

தெற்கே சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளும், அறிவர் கோயிலின் தாமரைக் குள ஓவியமும், கழுகுமலைப் பாறையில் நிரை நிரையாக அமர்ந்த திருமேனிகளும் புகழ் பெற்றவை. கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர் பலரின் பெயர்கள் உள்ளன. பெண்மக்களைப் படிக்க வைக்கும் குடும்பங்கள் அம்மகளிரை அழைத்துச் சென்று காட்டவேண்டிய இடம் அது.

மதுரையைச் சூழ்ந்த எண்பெருங்குன்றங்களின் மரபில், அண்மைக் காலத்தில் நாடறிந்த பெயர் அரிட்டாபட்டி. பாண்டியர் காலத்துத் தீர்த்தங்கரர் உருவமும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் கொண்ட இவ்வூர்ப் பகுதி, 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் இப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் கனிமச் சுரங்கத்துக்கு ஏல முடிவு வெளியாயிற்று. சுற்றுவட்டார மக்கள் திரண்டு எதிர்த்தனர். சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. 2025 சனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தைக் கைவிட்டது. அம்மலையைக் காக்க முன்னின்றோருள் மிகப் பெரும்பாலோர் சமணர் அல்லர். உழவர், ஆடு மேய்ப்போர், ஊர்ப் பெண்கள். தம் வயலையும் ஊருணியையும் காத்தபோது அவர்கள் தீர்த்தங்கரர் திருமேனியையும் காத்தனர். சுரங்கத்தால் வாழும் ஊரும் உண்டு, சுரங்கத்துக்கு நிலம் தந்து இடம்பெயர்ந்த ஊரும் உண்டு என்பதை நெய்வேலிச் சுற்றுவட்டாரத்தார் நன்கு அறிவர். ஆதலால் அரிட்டாபட்டி மக்களுக்குச் சமண சமூகம் பட்டிருக்கும் நன்றிக்கடனின் அளவையும் அவர்களால் உணர முடியும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் சென்று, அவ்வூர்க் கடைகளில் உணவு வாங்கி, அவ்வூராரோடு பேசி வருதல் அக்கடனில் சிறு பகுதியைத் தீர்க்கும்.

சுற்றுலாவும் யாத்திரையும்

எல்லை கடந்து செல்வோர்க்குச் சிரவணபெளகொளாவின் கோமடேசுவரரும், எல்லோராவின் சமணக் குகைகளும் அறிமுகம் வேண்டாதவை. கடல் கடந்தால் இலங்கையின் அனுராதபுரம் உள்ளது. பாண்டுகாபய மன்னன் நிகண்டர்க்கு, அதாவது சமண முனிவர்க்கு, அங்கு உறைவிடங்கள் அமைத்தான் என மகாவம்சம் கூறுகின்றது. அவர்களுள் கிரி என்பாரின் பள்ளி இருந்த இடத்தில், வட்டகாமணி அபயன் பின்னாளில் எழுப்பிய விகாரமே அபயகிரி எனவும் அந்நூல் உரைக்கின்றது. உலகப் பயணிகள் திரளும் அத்தூபியின் பெயரில் ஒரு சமணத் துறவியின் பெயர் ஒட்டியிருப்பதை அங்கு நிற்போருள் அறிந்தோர் சிலரே.

அதற்கும் அப்பால், பிள்ளைகள் வாழும் நாடுகளிலும் கோயில்கள் எழுந்துள்ளன. இங்கிலாந்தில் லெஸ்டர், பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப், சப்பானில் கோபே, அமெரிக்காவின் நியூசெர்சியில் சித்தாசலம் ஆகியன அவற்றுட் சில. வெளிநாட்டில் வேலைபார்க்கும் தமிழ்ச் சமண இளைஞர்க்கு அவை நல்ல தங்குதுறைகள். ஆங்குள்ள வழிபாடு பெரும்பாலும் குசராத்தி, இந்தி மொழிகளில் நிகழும். தமிழிலும் இவ்வறம் ஈராயிரம் ஆண்டுகளாக வாழ்கின்றது எனச் சொல்லும் பொறுப்பு அங்குச் செல்லும் தமிழர் மேல் விழுகின்றது. சொல்வதற்குத் திருநாதர்குன்றை முன்பே கண்டிருத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் சம்மேதசிகரத்தின் அண்மை வரலாறு நினைக்கத்தக்கது. இருபது தீர்த்தங்கரர் வீடுபேறு அடைந்த சார்க்கண்டு மாநிலத்துப் பாரசநாத் மலையைச் சூழ்ந்த பகுதி, 2019-ல் சூழல் காப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்டபோது சுற்றுலாவுக்கும் வழி வகுக்கப்பட்டது. புனித மலை பொழுதுபோக்கிடமாக மாறும் என அஞ்சி, 2022 இறுதியில் நாடெங்கும் சமணர் அமைதிப் பேரணிகள் நடத்தினர். செய்ப்பூரில் ஒரு முனிவர் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். 2023 சனவரி 5 அன்று மத்திய அரசு அங்குச் சுற்றுலா நடவடிக்கைகளை நிறுத்தி வைத்தது.

மிகுதியான கூட்டம் ஒரு தலத்துக்குக் கேடாகும் என்பதைச் சம்மேதசிகரம் காட்டிற்று. ஒருவரும் வாராமையும் அதே அளவு கேடாகும் என்பதைத் தமிழகக் குன்றுகள் காட்டுகின்றன. ஆளில்லாத பாறையில் பெயர் கிறுக்குவோர் ஏறுகின்றனர், கல்லுடைப்போர் நெருங்குகின்றனர். அன்பின் மிகுதியாலும் தீங்கு நேர்வதுண்டு. பழைய திருமேனிமேல் வண்ணம் பூசுதல், கல்வெட்டுள்ள சுவரை மணல் வீச்சால் துப்புரவு செய்தல், பழந்தரையின்மேல் பளபளப்பான கற்களைப் பதித்தல் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு வரலாற்று ஏட்டைக் கிழித்தற்கு ஒப்பாகும்.

ஆதலின் செல்வோர் சில நெறிகளைக் கைக்கொள்ளுதல் நலம். குன்றேறுதல் காலைப் பொழுதில் அமைக. கதிர் மறையுமுன் இறங்கி உணவு கொள்ளலாம். ஓவியங்களை மின்னொளி பாய்ச்சிப் படமெடுத்தல் வேண்டா. கல்வெட்டில் மாவோ சுண்ணமோ பூசிப் படிக்க முயலுதல் கூடாது. தொல்லியல் துறையின் காவலர்க்கும், ஊரில் கோயில் திறவுகோலை வைத்திருக்கும் அன்பர்க்கும் முன்கூட்டியே செய்தி அனுப்புக. கொண்டு சென்ற நெகிழிப் பொருளை மீளக் கொண்டுவருக. காலடியில் உள்ள சிற்றுயிரைக் கண்டு நடத்தல் கவுந்தியடிகள் அன்றே சொன்ன நெறி.

பொருள் சொல்ல ஆள் வேண்டும்

1887-ல் உ.வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். அதற்குமுன் ஏடுகள் அவர் கையில் இருந்தன; நச்சினார்க்கினியர் உரையும் இருந்தது. ஆயினும் சமணக் கோட்பாடுகள் வந்த இடங்களில் ஐயம் நீங்கவில்லை. கும்பகோணத்துச் சமணக் குடும்பத்தார் வீடுகளுக்கு அவர் நடந்து சென்று கேட்டார். இல்லறத்தில் இருந்துகொண்டே அந்நூலைப் பயின்று வந்த அப்பெரியோர் பொருள் விளக்கினர். அவர்கள் இல்லையேல் அப்பதிப்பு அவ்வாறு அமைந்திராது.

தலங்களின் நிலையும் அஃதே. பாறை நிற்கும், எழுத்து நிற்கும். இது யார், இங்கு என்ன நிகழ்ந்தது எனக் கேட்பவர்க்கு விடை சொல்லும் குடும்பம் ஊரில் இல்லையாயின், நாளடைவில் இருபத்துநான்கு தீர்த்தங்கரரும் பெயர் தெரியாத உருவங்களாவர். பணி தேடிப் பேரூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றுவிட்ட சமூகத்தை இந்நிலை இன்றே எதிர்நோக்குகின்றது. பாரிசையும் இலண்டனையும் கண்டு வரும் பிள்ளைகளை எவரும் தடுக்கவேண்டா. அவர்கள் ஊர் வரும் ஒவ்வொரு விடுமுறையிலும் ஒரு நாள், ஒரு குன்று என்று வகுத்துக்கொண்டால், பத்தாண்டில் பத்துத் தலங்களின் வரலாறு ஒரு வீட்டுக்குள் வந்துவிடும்.

முதல் விடுமுறைக்குத் திருநறுங்கொண்டை போதும். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து காலையில் புறப்பட்டு, அப்பாண்டைநாதரை வணங்கி, சூடாமணி நிகண்டின் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி, பொழுது சாயுமுன் வீடு திரும்பலாம். அறம் தழைக்க.